கீழே ஒரு சின்ன எண்

ஏறாத, ஏறாத, அங்கனயே நில்லு என்று தங்கபுஷ்பம் போனுக்குள் நெட்டு வேகம் காட்டி ஓடுகிற முள்ளிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அது எங்கே கேட்கும்? சைபரில் கிளம்பி இருபது, அம்பது, எம்பது என்று மளமளவென ஏறி நூறைத் தொட்டுக்கொண்டு நடுங்கியது. நாசமாப் போற நூறு. ஊர் உலகத்தில் எல்லாரும் முள் ஏறலையே என்று கேபிள்காரனை வைவார்கள், ஏறிவிட்டதே என்று கவலைப்படுகிற ஒரே பொம்பளை தூத்துக்குடியிலேயே இவளாகத்தான் இருப்பாள். சோறு தின்ற கையைக் கழுவவில்லை, விரலிடுக்கில் மீன்குழம்பு காய்ந்து இழுக்கிறது, இடது கையில் போன். காலையிலிருந்தே இதே வேலை. வெள்ளிக்கிழமை சாம்பிராணி காட்டுகிற மாதிரி போனை ஏந்திக்கொண்டு அறை அறையாகப் போய்ப் பார்த்தாயிற்று. அடுப்படியில் எழுபது. அட, குறையுதே என்று ஒரு அற்ப சந்தோஷம். அது பீரோ மறைக்கிறதாம், இரும்பு மறைத்தால் கொஞ்சம் குறையுமாம், போன தடவை வந்த லைன்மேன் சொல்லியிருக்கிறான். ஹாலுக்கு வந்தால் மறுபடியும் நூறு. நூறைத் தொட்டதும் முள் பொத்தென்று சைபருக்கு விழும், உடனே இவளும் போனை அணைத்துவிடுவாள். பரீட்சை முடிந்தது, லைன் பாஸ். லைன் பாஸ் என்றால் பெயில் யாரு? கோளாறு லைனில் இருந்துவிட்டால் எவ்வளவு நல்லது, ஏணியைப் போட்டு ஏறி வயரை மாற்றிவிட்டுப் போய்விடுவான். பிள்ளை மனசில் என்றால் எந்த ஏணியைப் போட்டு ஏற?

நாலு மணிக்கு மகள் பொன்ரேகாவைக் கூப்பிட வேண்டும். இன்றைக்கு அவள் ஒரு பதில் சொல்லியாக வேண்டும், வருகிறாளா இல்லையா என்று. காலையிலேயே திருப்பூரிலிருந்து சம்பந்தியம்மா போன் பண்ணிவிட்டாள். "மைனி, வெள்ளிக்கிழமை வளைகாப்பு. முடிஞ்ச கையோட புள்ளையப் பேறுகாலத்துக்கு உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறியளா, இல்ல இங்கனயே ஆஸ்பத்திரியில சொல்லி வச்சிரவா? சாயங்காலத்துக்குள்ள சொல்லிருங்க" என்றாள். தலைப்பிள்ளைப் பேறு தாய்வீட்டில்தானே, இதில் கேட்க என்ன இருக்கு என்று இவள் சொல்ல வாயெடுத்தால், அந்தம்மா மெல்ல இழுத்தாள். "இல்ல, அவகிட்ட கேட்டேன். அம்மா என்னையக் கூப்பிடவே இல்லியேன்னு சொல்லுதா." கூப்பிடவே இல்லையாமே! மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறாள். கையைக் கூப்பிக் கூப்பிட்டிருக்கிறாள். பொன்ரேகா பிறவியிலேயே காது கேளாதவள், கட்டிக்கொடுத்த இசக்கிராஜாவும் அப்படியே, அவர்களுக்குக் கைதான் பேச்சு. போனை டைனிங் டேபிளில் சீனி டப்பா மேல் சாய்த்து வைத்து, இரண்டு கையும் தெரிகிற மாதிரி தள்ளி நின்று, வீட்டுக்கு வா, அம்மா சொன்னது தப்பு, வா என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பக்கம் பிள்ளை பளிச்சென்று தெரிகிறாள், கழுத்துத் தாலிக்கயிறு மஞ்சள்கூடத் தெரிகிறது, பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சும்மா தலையை ஆட்டுகிறாள். ஒரு சிரிப்பு. போட்டோ பிடிக்கிறவன் சிரிக்கச் சொன்னால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. பிறகு மாமியாரிடம் போய்க் கூப்பிடவே இல்லை என்கிறாள். என்ன நெஞ்சழுத்தம்! யாருக்குப் பிறந்தவள், எனக்குப் பிறந்தவள்தானே, இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கோபமாக நினைக்கத்தான் ஆரம்பித்தாள், முடியும்போது கண் நிறைந்துவிட்டது.

கையைக் கழுவிவிட்டு வந்து கட்டிலில் சாய்ந்தாள். ஃபேன் சுற்றுகிறது, கச்சான் காற்று ஜன்னல் திரையை உள்ளே தள்ளுகிறது, வெளியே இழுக்கிறது. கண் தானாகச் செருகுகிறது. எதிரே பீரோ. இந்தப் பீரோ கண்ணாடியில்தான் எல்லாம் போச்சு. நிச்சயத்தன்றைக்கு இந்த அறையில்தான் பெண்ணுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள், பொன்ரேகா கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், இவள் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டு தன் நாத்தனாரிடம் சொன்னாள்: "ரெண்டுக்கும் காது கேக்காது. நாளைக்கு ஒரு புள்ள பெறந்து வீல்னு அழுதா எவளுக்குக் கேக்கும்?" பின்னால் நின்று பேசினால் பிள்ளைக்குத் தெரியாது. அந்த வீட்டில் அது ஒரு வசதி, வெட்கக்கேடான வசதி, சொல்லக்கூடாததை எல்லாம் அவள் முதுகுக்குப் பின்னால் பேசிப் பேசிப் பழகிப்போயிருந்தது. கண்ணாடி இருந்தது மறந்துபோச்சு. உதட்டைப் பார்த்தே வாசித்துவிடுகிறவள் அவள். பூ வைக்கிற கை நின்றது, ஏனென்றால் தலை ஆடியது. கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு பார்வை. அவ்வளவுதான். அப்புறம் கல்யாணம், மறுவீடு, திருப்பூர், பனியன் கம்பெனியில் இரண்டு பேருக்கும் வேலை. ஒன்றுமே நடக்காத மாதிரி தினமும் நாலு மணிக்கு வீடியோ. நல்லாயிருக்கியா, நல்லாயிருக்கேன், தின்னியா, தின்னேன்.

கண் மூடினால் முள் தெரிகிறது. பச்சை முள், ஏறுகிறது, யாரோ கையைத் தூக்குகிற மாதிரி இருக்கிறது, தண்ணீருக்குள் கை, மெதுவாக, உப்புத் தண்ணீர், குட்டிப் பொன்ரேகா தெருவில் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுகிறாள், ஏட்டி நில்லு, ஏட்டி என்று கத்தினால் கேட்காது என்று இவளுக்கு அப்போது தெரியாது. கோயில் கொடைத் திருவிழாவில் காதுக்குப் பக்கத்தில் வேட்டு வெடித்தது, ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அலறின, இவள் மடியில் ஒன்று மட்டும் அசையாமல் தூங்கியது. எம்புள்ள எவ்வளவு சமத்து என்று பெருமைப்பட்டாளே, அந்தப் பெருமையை எங்கே கொண்டுபோய்ப் புதைக்க. அப்புறம் பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடம், கைப்பேச்சு, ஆளுக்கொரு அடையாளம். மூக்குத்தியைத் தொட்டால் அம்மா. மீசையை முறுக்கினால் அப்பா. கன்னத்து மச்சத்தில் விரலை வைத்தால் அவள். கூப்பிட வேண்டுமானால் தரையில் காலால் தட்ட வேண்டும், தட்டின அதிர்வு தரை வழியாக அவள் பாதத்துக்குப் போகும், திரும்பிப் பார்ப்பாள். இப்போதும் பார், வீடியோவில் அவள் பார்க்காமல் இருந்தால் இங்கே தூத்துக்குடியில் நின்று தரையை ஓங்கி மிதிக்கிறாள் இவள். திருப்பூரில் எப்படித் தெரியும், கிறுக்கச்சி. ஆனால் கால் கேட்க மாட்டேன் என்கிறது. கல்யாண வீடுகளில் எல்லாரும் சிரித்தால் பொன்ரேகாவும் சிரிப்பாள், கொஞ்சம் பிந்திச் சிரிப்பாள். என்னட்டி புரிஞ்சுதா என்றால் தலையாட்டுவாள். புரியாமலே ஆட்டுவாள், மற்றவர்கள் திரும்பச் சொல்கிற சிரமம் வேண்டாமே என்று ஆட்டுவாள், அது தெரிந்தும் சரி சரி என்று இவர்களும் அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். அதெல்லாம் எதற்கு இப்போது ஞாபகம் வருகிறது என்று அரைத்தூக்கத்தில் அவளுக்கு எரிச்சலாக வந்தது.

ஒரு தடவை பிள்ளை சொல்லத்தான் செய்தாள். இரண்டு மாசம் இருக்குமா, "நின்னு நின்னு வருது, நீ" என்று கையால் காட்டினாள். இவளுக்குச் சுருக்கென்று ரோஷம் வந்துவிட்டது. நான் பேசும்போதுதானா நின்னு நின்னு வரும்? பேசப் பிடிக்காததற்கு ஒரு சாக்கு. உடனே முள்ளை ஓடவிட்டு, நூறு வந்ததைப் படம் பிடித்து அனுப்பிவிட்டாள். பார், எங்க லைன் நூறு, கோளாறு இருந்தால் உன் போனில்தான். பொன்ரேகா அந்தப் படத்தைப் பார்த்தாள், தலையாட்டினாள், அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. போன மாசம்தான் தொட்டிலைப் பற்றிச் சொன்னாள். பிள்ளை பிறந்தால் தொட்டிலிலிருந்து தன் மணிக்கட்டுக்கு ஒரு நூல் கட்டிக்கொள்வாளாம், அங்கே அவள் சினேகிதிகள் எல்லாம் அப்படித்தானாம், பிள்ளை காலை உதைத்த உடனே முழித்துவிடுவார்களாம், அழ ஆரம்பிக்கும் முன்னாலேயே. சொல்லிவிட்டு இவளையே பார்த்தாள். கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்த அதே பார்வை. அன்றைக்குத்தான் இவள் முதல் தடவையாகச் சொன்னாள், நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, தப்பு, என் தப்பு என்று. பிள்ளை தலையை ஆட்டினாள், சிரித்தாள், பூரிக்கு மாவு பிசைய வேண்டும் என்று எழுந்து போய்விட்டாள். மன்னிப்புக் கேட்டவளிடம் பூரியா? எழுதி அனுப்பலாம் என்று அதற்கப்புறம் ஒரு யோசனை வந்தது. ஆனால் எழுத்தில் போட்டால் மொய்க் கவரில் பேர் எழுதுகிற மாதிரி இருக்கும். வாயால் சொன்னதைக் கையால்தான் திரும்ப வாங்க வேண்டும், முகத்தைப் பார்த்து.

மணி மூன்றரையைத் தாண்டியிருந்தது. அவளுக்கே தெரியாமல் விரல் கேபிள் ஆபீஸ் நம்பரை அழுத்திவிட்டது. என்ன சொல்லப்போகிறாள், லைன் நல்லா இருக்கு, வந்து கெடுத்துவிட்டுப் போங்க என்றா? அங்கே போன் எடுக்கிற பெண் மெர்லின், குரல் மட்டும்தான் பழக்கம், ஆளைப் பார்த்ததில்லை.

"சொல்லுங்கக்கா. நெட்டு வரலியா?"

"வருதும்மா. நூறு வருது."

"நூறு வருதா?" மெர்லின் சிரித்தேவிட்டாள். "நூறு வருதுன்னு கம்ப்ளைன்ட் பண்ணுத மொதோ ஆளு நீங்கதாங்க்கா."

"இல்லம்மா. எம்புள்ள மூஞ்சி எனக்கு நல்லாத் தெரியுது. நான் அவளுக்கு நின்னு நின்னு வாரேனாம். அது பொய்தான? லைனு நல்லா இருந்தா ரெண்டு பேருக்கும் நல்லாத்தான இருக்கணும்?" சொல்லும்போதே குரல் உடைந்தது. கேபிள்காரப் பெண்ணிடம் போய் அழுவார்களா, கோட்டி பிடித்துவிட்டது என்று நினைக்க மாட்டாளா?

மெர்லின் ஒன்றும் நினைக்கவில்லை போலிருக்கிறது. "அக்கா, நூறுக்கு அப்புறம் என்ன வந்திச்சு?"

"அப்புறம் என்ன, முள்ளு விழுந்துரும். முடிஞ்சிரும்."

"முடியாதுக்கா. விழுந்துட்டு ரெண்டாவது தடவ ஏறும். நீங்க அதுக்குள்ள அணைச்சிருதிய. மொதோ ஏறுதது உங்க வீட்டுக்கு வாறது. ரெண்டாவது உங்க வீட்ல இருந்து போறது. சினிமா பாக்க மொதோ உள்ளது போதும். உங்க மூஞ்சி அங்க தெரியணும்னா ரெண்டாவதுதாங்க்கா வேணும். நான் லைன்லயே இருக்கேன், இப்ப ஓட விடுங்க. அணைச்சிராதிய."

ஓட விட்டாள். நூறு. முள் விழுந்தது. விரல் பழக்கதோஷத்தில் அணைக்கப் போனது, இழுத்துப் பிடித்துக்கொண்டாள். சைபரில் கிடந்த முள் அசைந்தது. அசைந்ததே தவிர ஏறவில்லை. படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர் தலையைத் தூக்கப் பார்த்து முடியாமல் சாய்வாரே, அப்படி. பிறகு கீழே, இத்தனை நாளும் இவள் பார்க்காத ஒரு மூலையில், கடுகு மாதிரி ஒரு எண் வந்து உட்கார்ந்தது. ஒன்றுகூட இல்லை. ஒன்றுக்கும் கீழே, புள்ளி வைத்து ஏதோ. வாசித்துச் சொன்னாள். மெர்லின் "அய்யோ" என்றாள். "வீட்டுல கேமரா எதும் மாட்டிருக்கியளாக்கா? ராப்பகலா வெளிய அனுப்பிக்கிட்டே இருக்குமே, அந்த மாதிரி?"

கேமரா. எதிர்வீட்டில் காலி சிலிண்டரை எவனோ தூக்கிக்கொண்டு போன மறுநாளே அவள் வீட்டுக்காரர் அய்யாதுரை நாலு கேமராவை வாங்கி மாட்டிவிட்டார். தன் பெயின்ட் கடையில் உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்கப் போனில் சொந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். வாசல், கார், கொல்லை, தென்னைமரம். எல்லாம் மேலே ஏதோ மேகத்துக்குப் போய்ச் சேர்கிறதாம், கள்ளன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாலும் படம் போகாதாம், மாட்டினவன் சொன்னதை அவரும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு மாசமாக இந்த வீட்டிலிருந்து வெளியே போகிற வழி முழுவதையும் தென்னைமரம் அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. சுவரில் குறுக்கே போகிற பூனை போயிருக்கிறது. யாரும் வராத வாசல் போயிருக்கிறது. அவள் கை போகவில்லை. தப்பு என்று நெஞ்சில் வைத்த கை அந்த நெஞ்சிலேயே உறைந்துபோய்த் திருப்பூரில் நின்றிருக்கிறது. பிள்ளை ஒரு போட்டோவைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறாள். அம்மா ஏதோ சொல்கிறாள், பாவம், திரும்பச் சொல்லச் சொன்னால் நூறு என்று படம் அனுப்புவாள், தலையாட்டிவைப்போம் என்று ஆட்டியிருக்கிறாள். கல்யாண வீட்டில் ஆட்டுகிற மாதிரி. சின்னப் பிள்ளையிலிருந்தே ஆட்டின மாதிரி. அய்யோ, என் கண்ணே, எத்தனை வருஷமாட்டி இப்படி ஆட்டிக்கிட்டு இருக்க? இரண்டு மாசத்துக்குக் கேமராவைச் சொல்லலாம், அதற்கு முன்னாலே இருபத்தஞ்சு வருஷத்துக்கு எதைச் சொல்ல? வருகிறதைப் பார்த்துவிட்டுப் போகிறதும் சரியாகத்தான் போகிறது என்று இருந்துவிட்டாளே பாவி. மெர்லின் "அக்கா, இருக்கியளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

டிவிக்குக் கீழே கேமராப் பெட்டி. ஒயரைப் பிடித்துப் பிடுங்கினாள், மெல்லப் பிடுங்கவில்லை, களை பிடுங்குகிற மாதிரி பிடுங்கினாள். மறுபடியும் முள். நூறு, விழுந்தது, காத்திருந்தாள். ஏறியது. தட்டுத்தடுமாறி ஐந்து, பத்து, பிறகு சரசரவென்று நாற்பது. மெர்லினிடம் நல்லா இரு தாயி என்று சொல்லிவிட்டு வைத்தாள், வைத்த மறு நிமிஷம் அய்யாதுரை.

"ஏ புஷ்பம்! கேமரா நாலும் இருட்டா இருக்கு! எவனும் வயரு கியர அறுத்துட்டானா? கதவத் தொறந்துராத!"

"நான்தான் அறுத்தேன்."

"என்னது?"

"கள்ளன் வந்தா வந்துட்டுப் போட்டும். தேங்காதான கெடக்கு, நாலு பறிச்சிட்டுப் போட்டும். நான் எம்பிள்ளைட்ட பேசணும், போன வைங்க."

நாலு மணி. சீனி டப்பா, சாய்த்து வைத்த போன். தள்ளி நின்றாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள், எதற்கென்று தெரியவில்லை, கையையும் துடைத்தாள். மணி அடிக்கிறது, அங்கே மணி இல்லை, வெளிச்சம் மின்னும். பொன்ரேகா வந்தாள். நிறைமாசத்து முகம், கன்னம் உப்பி மச்சம் கொஞ்சம் பெரிதானது போல. அந்தப் போட்டோச் சிரிப்பை எடுத்து மாட்டிக்கொண்டுதான் வந்தாள். தங்கபுஷ்பம் மூக்குத்தியைத் தொட்டாள். அங்கே சிரிப்பு பாதியில் நின்றது. பொன்ரேகா போனைக் கிட்டத்தில் இழுத்தாள், கண்ணைச் சுருக்கினாள். பிறகு அவள் கை பேசியது.

"அம்மா, உன் கை ஓடுது."

"ஓடுதா?"

"ஓடுது. ரெண்டு மாசமா நீ செல மாதிரி நின்ன."

"அப்ப எதுக்குட்டி தலைய ஆட்டுன?"

பொன்ரேகா தோளைக் குலுக்கினாள். "நீ அழுத மாதிரி இருந்துச்சு. எதுக்குன்னு தெரியல. அதான் ஆட்டினேன்."

தங்கபுஷ்பம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள், பிடித்தால் பேசக் கை இருக்காதே என்று உடனே விட்டாள். மூன்று தடவை சொல்லியாயிற்று என்று இருந்தாள், ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. இனிமேல்தான் முதல் தடவை. வரிசையாகச் சொன்னாள். பீரோ. கண்ணாடி. நான் உன் முதுகுக்குப் பின்னால் நின்று சொன்னேன். தப்பு. பிள்ளை அழுதால் உனக்குக் கேட்காது என்றேன், எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை, உன் நூல் என் காதைவிடப் பெரிது. வீட்டுக்கு வா. நூலை எங்கே கட்டணும் என்று எனக்கும் சொல்லிக்கொடு. இனிமேல் உன் பின்னால் நின்று பேச மாட்டேன். வா. சொல்லி முடித்துக் கையைத் தொங்கவிட்டாள், அந்தத் தலை ஆடிவிடக்கூடாதே என்று பார்த்துக்கொண்டே நின்றாள், குலசாமி மாடசாமி, அது மட்டும் ஆடிவிடக்கூடாது.

ஆடவில்லை. பொன்ரேகா விரலை ஒரு சுழற்றுச் சுழற்றினாள்.

"புரியல. திரும்பச் சொல்லு."

பிறந்ததிலிருந்து அவள் யாரிடமும் கேட்காதது. தங்கபுஷ்பம் திரும்பச் சொன்னாள், இந்தத் தடவை மெதுவாக, கண்ணாடிக்கு ஒரு சட்டம் வரைந்து, பின்னால் நிற்கிறவளுக்குத் தன் மூக்குத்தியையே தொட்டு, தப்பு என்பதை இரண்டு தடவை போட்டு. அங்கே மறுபடியும் விரல் சுழன்றது. திரும்பச் சொல்லு. இவளுக்குப் பழைய பயம், நாற்பது விழுந்துவிட்டதா, அந்த மனுஷன் கடையிலிருந்தே எதையாவது அமுக்கிக் கேமராவை ஓடவிட்டுவிட்டாரா? தன்னையறியாமல் தரையை ஓங்கி மிதித்தாள். மிதித்ததைப் பார்த்ததும் பொன்ரேகாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது, தோள் குலுங்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் ஓட.

"மொதத் தடவையே புரிஞ்சிட்டு" என்றாள். "இன்னும் ரெண்டு தடவ பாக்கணும்போல இருந்துச்சு."

தங்கபுஷ்பம் சிரித்தாளா அழுதாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. போனின் மேல்பக்கத்தில் அய்யாதுரையின் பெயர் வந்து வந்து துடித்தது, கேமராவுக்கு என்ன ஆச்சு என்று கேட்கத்தான் இருக்கும், தள்ளிவிட்டாள். அதற்குள் அங்கே கை அசைய ஆரம்பித்திருந்தது. கார் வேண்டாமாம், குலுங்குமாம். வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் எடுக்கணுமாம், கீழ் பெர்த்தாகப் பார்த்து எடுக்கணுமாம்.